முடிவிலிக்குக் கொஞ்சம் முன்னால்

என் சகலை எனக்கு எதையாவது சும்மா கொடுத்தால், நான் முதலில் பார்ப்பது பொருளை அல்ல, அவர் முகத்தை. முகத்தில் ஒன்றும் தெரியாது. அதுதான் பயமே.

இதுவரை வந்து சேர்ந்தவை இரண்டு. ஒரு துணி துவைக்கும் இயந்திரம்; சுழல ஆரம்பித்தால் குளியலறையிலிருந்து வாசல்வரை தானாக நடந்து வரும். ஒரு மடக்கு ஏணி; நன்றாக மடங்கும், நாம் மேலே நிற்கும்போதுகூட. இரண்டையும் தரும்போது அவர் சொன்னது ஒரே வாக்கியம்: "நல்லாத்தான் இருக்கு, எனக்குத்தான் வைக்க இடமில்லை."

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் அவர் எங்கள் சாப்பாட்டு மேசைமேல் இரண்டு தோல் பைகளை வைத்தபோது, என் அடிவயிற்றில் அந்த இயந்திரம் நடக்க ஆரம்பித்தது.

சகலை என்றால் என் மனைவியின் அக்கா வீட்டுக்காரர். நிலம் அளக்கும் சர்வேயர். யார் வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன்னால் சுவரில் கோணலாகத் தொங்கும் காலண்டரை நேராக்கிவிட்டுத்தான் உட்காருவார். அதனால் நான் அவருக்கு வைத்த பெயர் ரசமட்டம்; கொத்தனார் மட்டம் பார்க்க வைப்பாரே, அது. முகத்துக்கு நேராகக் கூப்பிட்டதில்லை. முகத்துக்கு நேராக 'அண்ணே'தான்.

"ரெண்டுல ஒன்னு எடுத்துக்கோ சகலை," என்றார். "உனக்கே. திருப்பித் தர வேண்டாம்."

பைகளைத் திறந்தேன். இரண்டு லென்ஸ்கள். இரண்டும் ஜூம் ஆகாத பிரைம் லென்ஸ்; கிட்டே வேண்டுமானால் நாம்தான் நடந்து போக வேண்டும். ஃபோகஸும் கையால் வளையத்தைத் திருப்பித்தான். ஒன்று இருபது எம்.எம்., மற்றது இருபத்துநாலு. இருபது இன்னும் அகலமாகப் பார்க்கும். மலை, வானம், பக்கத்தில் நிற்கிற மாமரம் என்று எல்லாவற்றையும் வாரிப் போட்டுக்கொள்ளும். இருபத்துநாலு கொஞ்சம் அடக்கம். ஆனால் இருட்டில் வெளிச்சத்தைக் கூடுதலாக உறிஞ்சும்.

"எது நல்லதுண்ணே?"

"இருபத்துநாலு நல்ல லென்ஸ்," என்றார். அவ்வளவுதான். எழுந்து போய் எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தை ஒரு நூல் இடதுபக்கம் தள்ளினார். கிளம்பிவிட்டார்.

எனக்கு லென்ஸ் வேண்டியிருந்தது அவருக்கு எப்படித் தெரியும் என்பதில் மர்மம் இல்லை. என் மனைவி, அவள் அக்கா, ஒரு செல்போன். நாட்டின் எந்த உளவுத் துறையும் பக்கத்தில் நிற்க முடியாது.

விஷயம் இதுதான். நான் ஒரு பல் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவன். பதினாலு வருஷத்தில் ஒரு லட்சம் படமாவது எடுத்திருப்பேன். ஒருத்தர்கூட, "நல்லா வந்திருக்கே, வீட்டுல மாட்ட ஒரு பிரின்ட் குடுங்க" என்று கேட்டதில்லை. எங்கள் சிகிச்சை நாற்காலிக்கு நேர் மேலே கூரையில் தண்ணீர் கசிந்த கறை ஒன்று உண்டு, முதுகு ஒடிந்த ஒட்டகம் மாதிரி. வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்கிற ஜனங்கள், பாவம், பயத்தோடு அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதை மறைக்க எட்டடிக்கு ஆறடியில் ஒரு படம் ஒட்டப்போவதாக எங்கள் டாக்டரம்மா சொன்னார். டால்பின் படம் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தார்.

"நான் எடுத்துத் தர்றேன் டாக்டர்," என்று என் வாய் என்னைக் கேட்காமல் சொன்னது. "ராத்திரி வானம். கீழே மலை, மேல முழுக்க நட்சத்திரம்."

டாக்டரம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "திங்கட்கிழமை காலையில வந்தா உங்க படம். இல்லேன்னா டால்பின்."

நிலா இல்லாத இரவு சனிக்கிழமை. என் கேமராவோடு வந்த லென்ஸ் இருட்டில் எடுத்தால் தார் ட்ரம்முக்குள் தலையை விட்ட மாதிரி இருக்கும். ஆக, என் வாழ்க்கையில் மனிதர்கள் அண்ணாந்து பார்க்கப்போகும் ஒரே ஒரு படம் இந்த இரண்டு தோல் பைகளுக்குள் எதிலோ இருந்தது. எதில் என்பது ரசமட்டத்துக்குத் தெரியும். அவர் சொல்லிவிட்டார். அதனால்தான் சந்தேகம்.

அன்று இரவு படுத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். அவர் இருபத்துநாலைப் புகழ்ந்தார். துவைக்கும் இயந்திரத்தையும் புகழ்ந்தவர்தான். ஆகவே இருபத்துநாலில் ஏதோ கோளாறு. இருபதுதான் நல்லது, அதை அவரே வைத்துக்கொள்ளப் பார்க்கிறார். சரி, இருபதை எடுத்துவிடுவோம். ஆனால் இருபதின் மேல் ஒரு வெள்ளை டேப் ஒட்டியிருந்தது. ஃபோகஸ் வளையமும் உடம்பும் சேருகிற இடத்தில், குறுக்காக, விரல் அகலத்துக்கு. வளையம் திரும்பவே திரும்பாது. நல்ல லென்ஸுக்கு எதற்குக் கட்டுப்போட வேண்டும்?

"என்னங்க, தூங்குங்க," என்றாள் மனைவி.

"உங்க அத்தான் ஏன் டேப் ஒட்டியிருக்காரு?"

"அவரையே கேக்குறது."

"கேட்டா சொல்லுவாரா?"

"கேட்டாத்தானே தெரியும்." புரண்டு படுத்தவள் சும்மா இருந்திருக்கலாம். "அக்கா சொன்னா, மூணு நாளா இருட்டினதும் மொட்டைமாடியிலதானாம். அந்த லென்ஸைக் கையில வச்சுக்கிட்டு ஏதோ நோண்டிக்கிட்டே இருந்தாராம். சாப்பிடக் கூப்பிட்டாலும் வர்றதில்லையாம்."

மூன்று நாள். நோண்டல். அப்புறம் டேப். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. லென்ஸ் கீழே விழுந்திருக்கிறது. விரிசல் விட்டிருக்கிறது. மனுஷன் மூன்று நாள் போராடி ஒட்டுப்போட்டு என் தலையில் கட்டியிருக்கிறார். பதினாலு வருஷம் சொத்தைப்பல் தேடிப் பழகிய கண் இது. என்னிடமா?

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கே வீட்டுக்கு வந்து பரிசோதனையை ஆரம்பித்தேன். எங்கள் பால்கனிக்கு எதிரே ஒரு காப்பீட்டு அலுவலகம் உண்டு. ஆறு மாடி, வரிசையாக ஜன்னல்கள். கீழே விழுந்த லென்ஸுக்குள் கண்ணாடி ஒரு பக்கமாக நகர்ந்திருக்கும். படத்தில் ஒரு ஓரம் கூர்மையாகவும் மறு ஓரம் மங்கலாகவும் வரும். ஒரே மாதிரி ஜன்னல்கள் இருக்கிற சுவரை எடுத்து இடதையும் வலதையும் ஒப்பிட்டுப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். என் படம் கூரைக்குப் போகிறது. படுத்திருப்பவர் நான்கு மூலையையும் சாவகாசமாகப் பார்ப்பார். மூலையில் நட்சத்திரம் இழுபட்டுச் சிறகு முளைத்திருந்தால், வலியில் இருப்பவருக்கு அதுதான் முதலில் கண்ணில் படும்.

ட்ரைபாடை நிறுத்தி, இரண்டு லென்ஸிலும் பத்துப் பத்துப் படம் எடுத்தேன். கம்ப்யூட்டரில் போட்டு, தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டு பார்த்தேன். சமீபகாலமாக எதையும் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தால்தான் எனக்குப் பிடிக்கிறது. ரசனை மாறுகிறது போல.

இருபத்துநாலு: இடது கூர்மை, வலது கூர்மை.

இருபது: இடது கூர்மை. வலது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு வரிசை ஜன்னல் முழுக்க மங்கல். பால் ஊற்றிக் கழுவின மாதிரி.

"மாட்டினாரு," என்றேன்.

விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த மனைவி நிமிரவில்லை. "யாரு?"

"உங்க அத்தான். லென்ஸ் விழுந்திருக்கு. இந்த டேப்புக்கு அடியில விரிசல். இப்போ பாரு."

மருத்துவமனையிலிருந்து கொண்டுவந்திருந்த ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து, டேப்பின் ஓரத்தைத் தடவி, நகத்தால் கிளப்பி, மெதுவாக உரித்தேன். ஒரு ஈறுகூட இவ்வளவு மரியாதையை என்னிடம் பார்த்ததில்லை. டேப் முழுசாகக் கையோடு வந்தது. அடியில் ஒன்றுமில்லை. விரிசல் இல்லை, கீறல் இல்லை, பசைக் கறைகூட இல்லை. உலோகம் பளபளவென்று என்னைப் பார்த்தது. இன்னும் ஆழமாகத் தேடுவோம் என்று வளையத்தை இரண்டு முறை அங்கும் இங்கும் திருப்பினேன். வெண்ணெய் மாதிரி திரும்பியது.

அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால், எதிர்க் கட்டட வாட்ச்மேன்.

"சார், தப்பா நினைச்சுக்காதீங்க. மேல ஆபீஸ்ல இருந்து அனுப்பினாங்க."

"எதுக்கு?"

அவர் என் மனைவியைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். "நீங்க ஒரு மணி நேரமா லேடீஸ் பாத்ரூமைப் போட்டோ எடுக்குறீங்களாம்."

"பாத்ரூமா? நான் ஜன்னலை எடுக்குறேங்க."

"அதான் சார். அந்தக் கடைசி வரிசை ஜன்னல் ஆறு மாடியும் பாத்ரூம்தான். அதுக்குத்தானே கண்ணாடியே வேற போட்டிருக்கு, உள்ள தெரியக் கூடாதுன்னு, மங்கலா."

மங்கலா. அந்தச் சொல் வாசலில் கொஞ்ச நேரம் நின்றது. இருபத்துநாலு எம்.எம். அந்தக் கடைசி வரிசைவரை பார்க்கவில்லை. இருபதுதான் அகலமாக விரித்து அதையும் சேர்த்துக்கொண்டது. லென்ஸ் ஒழுங்காகத்தான் பார்த்திருக்கிறது. மங்கலான கண்ணாடியை மங்கலாகக் காட்டியிருக்கிறது.

படங்களை அவர் கண்ணெதிரிலேயே அழித்தேன். நான் எக்ஸ்ரே ஆள், பல்லைத் தவிர எதையும் பார்ப்பதில்லை என்று விளக்கினேன். அது நிலைமையை இன்னும் மோசமாக்கியது. அவர் படியிறங்கும்போது இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். என் மனைவி சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சிரித்தாள். சத்தம் வராமல், தோள் மட்டும் குலுங்க. "கண்ணாடி வாங்குங்கன்னு எத்தனை வருஷமா சொல்றேன்," என்றாள்.

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"அது பாத்ரூம் கண்ணாடின்னு எனக்கு இங்கேருந்தே கம்ப்யூட்டர்ல தெரிஞ்சுது."

இப்போது என் கையில் நல்ல லென்ஸ் ஒன்றும், உரித்த டேப் ஒன்றும் இருந்தன. டேப் எதற்கு என்று ஒருவாறு ஊகித்தேன். நட்சத்திரம் எட்டாத் தூரம். அதற்கு ஃபோகஸ் வளையத்தைக் கடைசி எல்லையில் வைக்க வேண்டும். எட்டைப் படுக்கப்போட்ட மாதிரி ஒரு குறி போட்டிருப்பார்களே, முடிவிலி, அங்கே. இருட்டில் வளையம் நகராமல் இருக்கத்தான் டேப். அட, இவ்வளவுதானா. வளையத்தை மிகச் சரியாக அந்தக் குறிமேல் நிறுத்தி, டேப்பை அதே இடத்தில் திரும்ப ஒட்டி, விரலால் நீவிவிட்டேன். உரித்த சுவடே தெரியவில்லை. தடயத்தை அழிப்பதில் எனக்கு இவ்வளவு திறமை இருப்பது எனக்கே புதுச் செய்தி.

சனிக்கிழமை சாயங்காலம் சகலையின் வண்டியில் போனோம். ஊர் வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் மறைகிற வரைக்கும் ஓட்டினார். கைவிட்ட கல்குவாரி ஒன்று; பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நீளமாக மலை. "மலைக்கு மேல நிக்கிற பால்வீதி எட்டரைக்கு இறங்கிடும். அதுக்குள்ள எடுத்துடு," என்றார். மேற்கே கொஞ்சம் மேகமும் இருந்தது.

"நீ எதைக் கொண்டுவந்திருக்கே?"

"இருபது."

"ம்," என்றார். அந்த 'ம்'மில் எனக்கு ஒரு திருப்தி தெரிந்த மாதிரி பட்டது. உடனே, தப்பான லென்ஸைக் கொண்டுவந்துவிட்டோமோ என்று சந்தேகம் வந்தது.

ஏழரைக்கு நட்சத்திரம் கொட்ட ஆரம்பித்தது. அவர் தன் கேமராவைத் தள்ளி வைத்துக்கொண்டு பேசாமல் நின்றார். நான் பேசிக்கொண்டே எடுத்தேன். நாற்பது படம். ஒவ்வொன்றையும் கேமராவின் பின்பக்கச் சின்னத் திரையில் பார்த்தேன். கை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தேன். பிரமாதம். டால்பின் ஒழிந்தது.

"காட்டு," என்று சிவப்புக் காகிதம் சுற்றிய டார்ச்சோடு சகலை வந்தார். படத்தைப் பெரிதாக்கினார். கண்ணாடியை மூக்கில் தள்ளிக்கொண்டு பார்த்தார்.

"என்னண்ணே?"

"நட்சத்திரம்னா ஊசி குத்தின மாதிரி இருக்கணும். இது சட்டைப் பொத்தான் மாதிரி இருக்கு."

அடுத்த படம். பொத்தான். நாற்பதும் பொத்தான்.

எனக்குள் இரண்டு நாளாகக் காத்திருந்தது வெளியே வந்துவிட்டது. "அதானே பார்த்தேன். லென்ஸ்ல பிரச்சனை இருக்கப் போய்த்தானே சும்மா குடுத்தீங்க."

அவர் பதில் சொல்லாமல் கட்டைவிரலால் டேப்பைத் தடவிப் பார்த்தார். டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனார்.

"டேப்பை எடுத்தியா?"

"இல்லண்ணே."

"நான் ஒட்டினது குறிக்குக் கொஞ்சம் முன்னால. அரிசி அகலம். இது குறி மேலயே இருக்கு."

எனக்குப் பேச்சு வரவில்லை. இந்தக் கதையில் அது ஒரு முறைதான் நடக்கிறது.

"கம்பெனிக்காரன் போடுற குறியில நட்சத்திரம் நிக்காது சகலை. ஒவ்வொரு லென்ஸுக்கும் ஒவ்வொரு இடம். தேடிக் கண்டுபிடிக்கணும். இதுக்கு மூணு ராத்திரி ஆச்சு."

"விரிசல் இருக்கான்னு பார்த்தேண்ணே," என்றேன். "டேப்புக்கு அடியில."



"இருந்துச்சா?"

"இல்ல."

"சரி," என்றார். பையிலிருந்து டேப் சுருளை எடுத்தார். பிறகு தன் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "போட்டுக்கோ."

"எனக்கு எதுக்கு?"

"ஹோட்டல்ல மெனு கார்டை நீ எவ்ளோ தூரத்துல பிடிச்சுப் படிச்சேன்னு பார்த்தேன். எதிர் மேசைக்காரன் வாங்கிப் பார்க்குற அளவுக்குப் போச்சு. இந்தச் சின்னத் திரையில உன்னால ஃபோகஸ் பண்ண முடியாது. அதனாலதான் நானே நிறுத்தி டேப் போட்டேன்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். மூக்கில் அவருடைய சூடு இன்னும் இருந்தது. திரையில் ஒரு பெரிய நட்சத்திரத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கி, வளையத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்பச் சொன்னார். பொத்தான் சுருங்கியது. மிளகானது. கடுகானது. ஊசிமுனையாகி, தாண்டி, மறுபடியும் பெருத்தது. திரும்பி வந்தேன். முடிவிலிக்கு ஓர் அரிசி முன்னால் அது நின்றது. அவர் டேப்பை ஒட்டினார்.

மணி எட்டேகால். மேகம் பாதி மலையைத் தின்றுவிட்டது.

"மட்டம் பாத்தியா?"

"மேகம் வருதுண்ணே, மட்டமாவது ஒன்னாவது."

எடுத்தேன். முதல் மூன்று படத்திலும் மேகம் மேலே ஏறிவிட்டது. பிறகு காற்று கொஞ்சம் விலக்கியது. மேகம் எங்கே போகிறது என்று பார்க்க அவர் பள்ளத்தின் விளிம்பை நோக்கி நடந்தார். நான் நாலாவதை அழுத்தினேன். அதற்குப் பிறகு வானம் மூடிக்கொண்டது.

வண்டியில் திரும்பும்போது கேட்டேன். "நான் இருபதைத்தான் எடுப்பேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? டேப் அதுலதானே ஒட்டியிருந்தீங்க."

"இருபத்துநாலு நல்லதுன்னு சொன்னேன்ல."

நான் அரை கிலோமீட்டர் தூரம் அதைப் பற்றி யோசித்தேன்.

"கூரைக்கு இருபதுதான் சரி. மூலையெல்லாம் சுத்தமா வரும். அதை எடுன்னு சொல்லியிருந்தா நீ எடுத்திருப்பியா?"

"சரி, சும்மா எதுக்குக் குடுத்தீங்க? உண்மையைச் சொல்லுங்க."

அவர் சாலையைப் பார்த்தே ஓட்டினார். "ஒத்தையா நின்னு பார்க்க சலிப்பா இருக்கு. உன்கிட்ட லென்ஸ் இருந்தா வருவே. நீ வந்தா வாயை மூட மாட்டே."

ஞாயிற்றுக்கிழமை படத்தைப் பெரிதாக்கினேன். மனைவியின் கண்ணாடியை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு. நாலாவது படம் மட்டும்தான் தேறியது. மலை, அதன்மேல் பால்வீதி, நான்கு மூலையிலும் ஊசிமுனைகள். ஆனால் இடது கீழ் மூலையில், தரையை ஒட்டி, ஒரு சிவப்புப் புள்ளி. சகலையின் டார்ச். அவர் படத்துக்கு வெளியே இருக்கிறார் என்று நினைத்துத்தான் அழுத்தினேன். இருபது எம்.எம். அவரையும் வாரிப் போட்டுக்கொண்டுவிட்டது.

திங்கட்கிழமை டாக்டரம்மா அதிலேயே விரலை வைத்தார். "இந்த சிவப்பை அழிச்சிடலாமே?"

"வேண்டாம் டாக்டர். அது செவ்வாய்."

"தரையில இருக்கே."

"உதிக்குது டாக்டர்."

படம் கூரைக்குப் போனது. ஒட்டகம் மறைந்தது. பல் பிடுங்க வருகிறவர்கள் செவ்வாய் எது என்று என்னைக் கேட்கிறார்கள். நான் காட்டுகிறேன். ஒருவர் பிரின்ட்கூடக் கேட்டார்.

இரண்டு மாதம் கழித்து சகலைக்குக் கடைவாய்ப் பல் வலி. நான்தான் எக்ஸ்ரே எடுத்தேன். இப்போது எனக்குச் சொந்தக் கண்ணாடி இருக்கிறது. படத்தைப் பார்த்தேன்.

"விரிசல் இருக்கா?" என்றார்.

"இருக்குண்ணே."

"டேப் ஒட்டிடு," என்று சொல்லிவிட்டு நாற்காலியில் போய்ப் படுத்தார். அப்போதுதான் அவர் அந்தப் படத்தை முதல்முறையாக அண்ணாந்து பார்க்கிறார். டாக்டரம்மா வாயில் கருவியை விட்டிருந்தார். சகலையின் கண் ஒவ்வொரு மூலையாகப் போனது. இடது கீழ் மூலையில் நின்றது. ரொம்ப நேரம் நின்றது. பிறகு மெதுவாக ஒரு கையைத் தூக்கி, ஒரு விரலால் மலையைக் காட்டினார். வாய் திறந்திருந்ததால் சொல்ல முடியவில்லை. நான் பக்கத்திலேயே நின்று காத்திருந்தேன். என்ன குறை கண்டுபிடித்தாரோ என்று அந்த விரல் போன திசையையே பார்த்தேன்.

வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டு எழுந்தார்.

"அரை டிகிரி சாஞ்சிருக்கு," என்றார்.

மறுநாள், டாக்டரம்மா கிளம்பும்வரை காத்திருந்து, ஸ்டூலில் ஏறினேன். அவர் சொன்னால் நான் நம்பிவிடுவதா? கூரை விளிம்புக்கும் மலை அடிவாரத்துக்கும் நூல் பிடித்து, ஏழாவது படிக்கிற என் மகளின் ஜியாமெட்ரி பெட்டியிலிருந்து எடுத்து வந்திருந்த கோணமானியை வைத்து மூன்று முறை அளந்தேன்.

முக்கால் டிகிரி.

கால் டிகிரியை எனக்காகக் குறைத்துச் சொல்லியிருக்கிறார்.